முதுகுப் பையும் காண்டாக் கம்பும்

ஈப்போவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கமும் மகளைப் பற்றிய கவலை. மூன்றாம் பக்கத்தில்தான் கேள்வி. மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வரும் விடுமுறையில் சக மாணவர்களோடு தாஹான் மலை ஏறப் போகிறாளாம். ஏழு நாள் நடை.

"எடுத்து வர வேண்டிய பொருள்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், ஐயா. எல்லாவற்றையும் பையில் அடைத்து நிறுத்துப் பார்த்தேன். 17 கிலோ! பிள்ளையின் எடையே 48 கிலோதான். பையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே பின்னால் சாய்ந்து சோபாவில் விழுந்தாள். விழுந்து சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகாதே என்று சொல்வதா? அல்லது எப்படிச் சுமப்பது என்று சொல்லிக் கொடுப்பதா?"

போகட்டும், அம்மா. ஆனால் அந்தப் பை அப்படியே போகக் கூடாது. இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் அந்தப் பைக்கே ஒதுக்கிவிடுகிறேன். எங்களுக்கு மலையும் வேண்டாம், காடும் வேண்டாம் என்கிற வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். புத்தகப் பையின் பாரத்தில் கூன் போட்டு நடக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கும்.

முதலில் அந்த மலையைப் பற்றிக் கொஞ்சம். கினபாலுவை எல்லாருக்கும் தெரியும், 4,095 மீட்டர். தாஹான் மலையோ 2,187 மீட்டர்தான். தீபகற்ப மலேசியாவில் அதுதான் மிக உயரம் என்றாலும், கினபாலுவில் பாதிக்குச் சற்றே அதிகம். அதனால் பலர் அதை இளக்காரமாக நினைத்துவிடுகிறார்கள். கினபாலுவில் பாதி வழியில் தங்கும் விடுதி இருக்கிறது, சுடச்சுடச் சாப்பாடு இருக்கிறது, மெத்தை இருக்கிறது. தாஹான் பாதையில் ஒன்றும் கிடையாது. தாமான் நெகாராவின் அடர்ந்த காட்டுக்குள், ஏழு நாளுக்குத் தேவையான அரிசி, பருப்பு, படுக்கை, கூரை எல்லாம் உங்கள் முதுகிலேதான் போக வேண்டும். மேராப்போ பக்கமாக ஏறினால் உச்சிக்கு ஒரு வழி சுமார் 30 கிலோமீட்டர். கோலா தாஹான் பக்கமாகப் போனால் சுமார் 55. இந்தப் பெண் போவது கோலா தாஹான் வழியாக. வழிகாட்டி இல்லாமல் விட மாட்டார்கள். அந்த மட்டில் தாய்க்கு ஒரு நிம்மதி.

நானும் அந்த வழியாகத்தான் போனேன், 1987-இல். நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் இளம் ஆசிரியர்கள். கோலா தெம்பெலிங்கில் படகு ஏறி, மூன்று மணி நேரம் ஆற்றிலே போய், கோலா தாஹானில் இறங்கினோம். என் முதுகில் இருந்தது பழைய சாமான் கடையில் வாங்கிய கித்தான் பை. இரண்டு தோள்வார்கள் மட்டும். இடுப்பில் கட்டும் வார் கிடையாது. அப்படி ஒன்று வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

அந்தப் பையை நான் அடுக்கிய அழகைச் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் தேவைப்படுவது சாப்பாடு என்று எண்ணி, நான்கு கிலோ அரிசியையும் சார்டின் டின்களையும் மேலே வைத்தேன். போர்வையையும் சட்டை துணிகளையும் முதுகு ஓரமாக, மெத்தென்று இருக்கட்டும் என்று வைத்தேன். சட்டி பையில் அடங்கவில்லை. பின்னால் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர்க் கேனை வலப்பக்கம் மாட்டினேன். இடப்பக்கம் எதுவும் இல்லை. தோள்வார்கள் நழுவிக்கொண்டே இருந்ததால், இரண்டையும் மார்புக்குக் குறுக்கே ஒரு கயிற்றால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். செய்யக்கூடாதது என்று ஒன்றையும் நான் பாக்கி வைக்கவில்லை.

இரண்டாம் நாள் பாதை மேடும் பள்ளமுமாக இருந்தது. 27 குன்றுகள் என்று அந்த வழியில் போனவர்கள் கணக்குச் சொல்வார்கள். நான் ஒன்பதோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். விழுந்து கிடக்கும் மரங்களுக்கு அடியில் குனியும்போதெல்லாம் மேலே இருந்த அரிசி என் தலைக்கு மேலாகப் பாய்ந்து, என்னை முன்னால் தள்ளியது. பின்னால் தொங்கிய சட்டி பிரம்பு முள்ளில் மாட்டி என்னைப் பின்னால் இழுத்தது. மாலையில் வலக்கை விரல்களில் எறும்பு ஊர்வது போல இருந்தது. உண்மையான எறும்பு என்றே நினைத்து உதறினேன்.

மறுநாள் ஆறு. கோலா தெக்கு முகாமுக்குப் போகும் வழியில் தாஹான் ஆற்றைப் பல முறை குறுக்கே கடக்க வேண்டும். பாலம் இல்லை. முழங்கால் அளவு, தொடை அளவு. மேலே மழை பெய்திருந்தால் அதற்கும் மேல். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ நினைவில்லை, வழுக்குக் கல்லில் கால் வைத்தேன். சாதாரணமாக ஒரு தடுமாற்றம். வெறுங்கையோடு போயிருந்தால் ஒரு அடி பக்கத்தில் வைத்துச் சமாளித்திருப்பேன். ஆனால் என் தலைக்கு மேல் அரிசி இருந்தது, வலப்பக்கம் தண்ணீர்க் கேன் இருந்தது. பை தன் பாட்டுக்கு வலப்பக்கம் சாய்ந்தது; நான் அதன் பின்னால் போனேன். தண்ணீருக்குள் முகம். பையைக் கழற்றலாம் என்றால் மார்பில் கயிறு. நனைந்த முடிச்சை அவிழ்க்க முடியுமா? நண்பர் ஒருவர் பாய்ந்து வந்து பையோடு சேர்த்துத் தூக்கினார். அவர் வரவில்லையென்றால் இந்தப் பக்கத்தை எழுத வேறு ஆளைத் தேட வேண்டியிருந்திருக்கும்.

உச்சிக்கும் போனேன், திரும்பியும் வந்தேன். ஆனால் வீடு வந்து சேர்ந்தபோது வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை வார முடியவில்லை. தேநீர்க் குவளையை இடக்கையால் எடுத்தேன். மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றையைத் தோள்வார் நாள் கணக்கில் அழுத்தியிருக்கிறது. படைவீரர்களுக்கும் மலையேறிகளுக்கும் வரும் வாதம் இது. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், பொறுமை வேண்டும். எனக்கு இரண்டரை மாதம் ஆயிற்று. அந்த இரண்டரை மாதமும் கரும்பலகையில் இடக்கையால் எழுதினேன். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, ஒரு நாள் அந்தக் கித்தான் பையைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அம்மா முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தவர்.

"இதுலயா அத்தனையும் தூக்கிக்கிட்டுப் போனே?"

"ஆமாம்மா."

"எம்புட்டுத் தூரம்டா?"

சொன்னேன்.

"அம்புட்டுத் தூரத்துக்குத் தோளுலயா சுமப்பாங்க? காண்டாவே ஸ்டோர் வரைக்கும்தான். அதுக்குள்ள நான் எத்தனை வாட்டி தோளு மாத்துவேன்! உன்னையெல்லாம் நான் தோளுலயா தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்? இடுப்புலதானடா வச்சிருந்தேன்."

வாசகர்களே, பின்னாளில் முதுகுப் பைகளைப் பற்றி எத்தனையோ படித்துவிட்டேன். இடுப்பில் எடை இருக்க வேண்டும் என்பதற்கு அம்மா சொன்னதை விடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. குடத்தை இடுப்பில் வைக்கிறோம். குழந்தையை இடுப்பில் வைக்கிறோம். இடுப்பெலும்பு உடம்பிலேயே பெரிய எலும்புகளில் ஒன்று. அதற்குக் கீழே உடம்பின் மிகப் பெரிய தசைகள் கொண்ட தொடை. தோளோ, ஒரு மெல்லிய எலும்பும் அதன் அடியில் ஓடும் நரம்புகளும்தான். பத்துமலையில் பெரிய காவடி எடுப்பவர்களை அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். தோளில் இருப்பது போலத் தெரியும். ஆனால் சட்டத்தின் பாரத்தில் பெரும் பங்கை இடுப்பில் இறுக்கிய பட்டை தாங்கிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் 272 படி ஏற முடியுமா?

ஆகவே, ஈப்போ அம்மா, முதல் வேலை பையைப் பார்ப்பது. அகலமான, பஞ்சு வைத்த இடுப்புவார் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பை வேண்டாம். விலை அதிகம் என்றால் மலையேறிய யாரிடமாவது இரவல் வாங்குங்கள். பையின் அளவு பிள்ளையின் உயரத்தைப் பொறுத்ததல்ல, முதுகின் நீளத்தைப் பொறுத்தது. நெட்டையான பெண்ணுக்குக் குட்டையான முதுகு இருக்கலாம். தையல் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மகளைத் தலை குனியச் சொன்னால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு இரண்டு பக்கமும் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டம் வரை முதுகோடு ஒட்டி அளவு எடுங்கள். அந்த அளவைக் கடையில் சொன்னால் பொருந்தும் பையைக் கொடுப்பார்கள்.

மாட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையை முதுகில் ஏற்ற வேண்டும். இடுப்புவாரின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் விளிம்பில் உட்காரும்படி வைத்து, முதலில் அதை இறுக்க வேண்டும். வயிற்றில் அல்ல, எலும்பில். பிறகு தோள்வார்களை முதுகோடு பை ஒட்டும் அளவுக்கு மட்டும் இழுக்க வேண்டும். தோளுக்கு மேலே பையின் தலையோடு இணைக்கும் சின்ன வார் இருந்தால் அதையும் சற்றே இழுக்கலாம். பை பின்னால் சாயாது. மார்புவார் கடைசியில். சரியாக மாட்டினால் எடையில் முக்கால் பங்கு இடுப்பில் இருக்கும். தோள்வார்கள் பையைப் பிடித்துக்கொள்ளத்தான், தூக்கிக்கொள்ள அல்ல.

பையின் கதை இவ்வளவுதான். உள்ளே அடுக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஒரு ஐந்து கிலோ அரிசிப் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நில்லுங்கள். சிரமம் இல்லை. இப்போது கையை நீட்டி அதே அரிசியைப் பிடித்துப் பாருங்கள். முப்பது எண்ணுவதற்குள் கை நடுங்கும். அரிசி அதே ஐந்து கிலோதான். உடம்பிலிருந்து விலக விலக அதன் இழுப்பு கூடுகிறது. முதுகிலும் அப்படித்தான். கனமான சாமான் முதுகை விட்டு விலகி, பையின் வெளிப்பக்கம் இருந்தால் உங்களைப் பின்னால் இழுக்கும். அதைச் சரிக்கட்ட நீங்கள் முன்னால் குனிவீர்கள். நாள் முழுவதும் குனிந்தே நடப்பீர்கள். மகள் சோபாவில் விழுந்தது பெரும்பாலும் இதனால்தான். 17 கிலோவால் மட்டும் அல்ல.

எனவே அரிசி, பருப்பு, டின், தண்ணீர் ஆகிய கனங்கள் எல்லாம் முதுகை ஒட்டி, நடுவில் வர வேண்டும். சமதளமான பாதையில் கனம் தோள் மட்டத்துக்குச் சற்று அருகில் இருந்தால் நிமிர்ந்து நடக்க வசதி. ஆனால் தாஹான் பாதை வேர்களும் வழுக்கலும் விழுந்த மரங்களுமாக இருப்பது. அங்கே கனத்தைக் கொஞ்சம் இறக்கி, முதுகின் நடுவுக்குச் சற்றுக் கீழேயே வைப்பது நல்லது. உயரத்தில் இருக்கும் கனம் சாய்ந்தால் ஆளையே சாய்த்துவிடும் என்பதை நான் ஆற்றில் முழுகிக் கற்றுக்கொண்டேன். ஸ்லீப்பிங் பேக், இரவில் போடும் உலர்ந்த உடை ஆகியவை அடியில். லேசான துணிமணிகளை வெளிப்பக்கத்திலும் சந்து பொந்துகளிலும் செருகலாம். மழைக்கோட்டு, டார்ச் லைட், மருந்துப் பொட்டலம், மத்தியானச் சாப்பாடு எல்லாம் மேலே. பெண்பிள்ளைகளுக்கு வேண்டியவற்றையும் தனிப் பையில் போட்டு மேலேயே வைத்துவிடுங்கள். மழையில் நின்றுகொண்டு அடியில் தேடுவது சங்கடம்.

அடுத்தது இடமும் வலமும். மீண்டும் அம்மாதான் என் வாத்தியார். பாலைச் சேர்த்து முடித்ததும் அவர் உடனே காண்டாவைத் தூக்க மாட்டார். இரண்டு வாளியையும் எட்டிப் பார்ப்பார். ஒன்றில் குறைவாக இருந்தால் மற்றதிலிருந்து கொஞ்சம் ஊற்றிச் சமமாக்குவார். பிறகு முழங்காலை மடக்கி, கம்பின் நடுவில் தோளைக் கொடுத்து எழுவார். பள்ளி விடுமுறையில் எனக்கும் ஒரு சின்னக் கம்பும் இரண்டு டின்னும் கொடுத்துப் பழக்கியிருக்கிறார். ஒரு டின் நிறைந்தும் மற்றது அரையாகவும் தூக்கிவிட்டு நான் நண்டு போலப் பக்கவாட்டில் நடந்ததைச் சொல்லிச் சொல்லிப் பிரட்டுக்களமே சிரித்தது. அதே பிள்ளைதான் தண்ணீர்க் கேனை ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு தாஹான் மலைக்குப் போனான்! படித்துவிட்டால் இப்படித்தான்.

ஒரு பெரிய கேனுக்குப் பதில் ஒரே அளவில் இரண்டு புட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கப் பைகளில் வைத்தால் இரண்டிலும் மாற்றி மாற்றிக் குடிக்க வேண்டும். நிறைகுடம் தளும்பாது என்பது இங்கே நேரடியாகவே பொருந்தும். அரைப் புட்டித் தண்ணீரும், இடைவெளியில் உருளும் டின்னும், காலடிக்குக் காலடி ஆளை ஆட்டிவைக்கும். சட்டிக்குள் அரிசிப் பொட்டலம், சப்பாத்துக்குள் காலுறை என்று பொந்துகளை எல்லாம் நிரப்பிவிட்டால் பை ஒரே கட்டையாக இருக்கும். வெளியே எதையும் தொங்கவிடக் கூடாது. பிரம்பு முள்ளுக்குப் பரிதாபம் தெரியாது.

அடுக்கி முடித்ததும் இரண்டு சோதனை. பையை மாட்டிக்கொண்டு நின்ற இடத்தில் குதிக்கச் சொல்லுங்கள். உள்ளே ஏதாவது சத்தம் கேட்டால் மறுபடி அடுக்க வேண்டும். பிறகு ஒற்றைக் காலில் இருபது எண்ணும்வரை நிற்கச் சொல்லுங்கள், அடுத்து மற்றக் காலில். ஒரு காலில் நிற்க முடிந்து மறு காலில் தள்ளாடினால் பை ஒரு பக்கம் கனக்கிறது.

இனி அந்த 17 கிலோ. ஆள் எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காமல் இருப்பது நல்லது என்பது நெடுநடைக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 48 கிலோவுக்கு 12 கிலோ. அந்தத் தாய் பட்டியலின் நகலையும் கடிதத்தோடு இணைத்திருக்கிறார். ஓரத்தில் அவரே கையால் சேர்த்தவற்றையும் மறைக்காமல் அனுப்பியிருக்கிறார். அந்த நேர்மைக்கு நன்றி! ஜீன்ஸ் சிலுவார் இரண்டு. நனைந்தால் காயாது, காயாவிட்டால் கல்லாகக் கனக்கும். அதை எடுத்துவிட்டு மெல்லிய துணியில் ஒன்று வைத்தால் போதும். பெரிய துண்டுக்குப் பதில் சின்னத் துண்டு. முழுப் புட்டி ஷாம்பு எதற்கு? ஆற்றில் ஷாம்பு போட்டுக் குளிப்பதே தவறு. பெரிய சார்டின் டின் நான்கு. அதற்குப் பதில் வறுத்த நெத்திலி. பவர் பேங்க் ஒன்று போதும். காட்டுக்குள் கைப்பேசிக்கு வேலை குறைவு. கண்ணாடிப் புட்டியில் மாங்காய் ஊறுகாய் ஒன்று. அம்மா, அது உங்கள் கையெழுத்து! ஊறுகாய் போகட்டும், கண்ணாடி வேண்டாம். சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் ஏழு நாளுக்கு அளந்து கொடுங்கள்.

மூன்று பேர் படுக்கும் கூடாரம் முழுவதும் உங்கள் மகள் பையில் இருப்பதாகத் தெரிகிறது. இது நியாயமில்லை. துணி ஒருவருக்கு, கம்பிகள் ஒருவருக்கு, மேல்விரிப்பு ஒருவருக்கு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இதில் பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. சாப்பாட்டுச் சாமான் நாளுக்கு நாள் குறையும். கூடாரமோ மழையில் நனைந்து நாளுக்கு நாள் கனக்கும். எனவே குழுவில் யாருக்குப் பலம் குறைவோ அவரிடம் முதல் இரண்டு நாள் சமைக்கும் அரிசியையும் பருப்பையும் கொடுங்கள். கூடாரத்தைப் பலசாலி தூக்கட்டும். எங்கள் குழுவில் தலைகீழாக நடந்தது. மூன்றாம் நாளிலிருந்து ஒருவர் கையை வீசிக்கொண்டு நடந்தார். இன்னொருவர் ஈரக் கூடாரத்தோடு முனகிக்கொண்டு வந்தார். நாற்பது ஆண்டுச் சினேகிதம் அந்த மலையிலேயே முறிந்திருக்கும். முறியவில்லை, கடவுள் புண்ணியம்.

தண்ணீரின் கணக்கு தனி. ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதில் பேரம் கிடையாது. கோலா தெக்கு வரை எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றன்றைக்கு வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு, அவர் சொல்லும் இடத்தில் பிடித்துக் காய்ச்சிக் குடிக்கலாம். கோலா தெக்குவுக்குப் பிறகுதான் செங்குத்தான ஏற்றம். முகட்டில் தண்ணீர் குறைவு. ஆக, மிகக் கடினமான ஏற்றத்தன்று காலையில்தான் பையில் மூன்று கிலோ தண்ணீர் ஏறும். அன்று மட்டும் பையை முதலிலிருந்து அடுக்க வேண்டும். தண்ணீரைப் பக்கப் பைகளில் விட்டுவிடாமல் முதுகோரம் கொண்டுவர வேண்டும். இதை மகளிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நனையாமல் காப்பது எடை சம்பந்தப்பட்ட விஷயம்தான். மேலே போடும் மழையுறை மட்டும் போதாது. குப்பை போடும் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பை ஒன்றைப் பைக்குள் உறை போல விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி, வாயை முறுக்கி மடித்துவிட வேண்டும். உச்சிக்குப் பக்கத்தில் இரவுகள் நல்ல குளிர். நனைந்த ஸ்லீப்பிங் பேக்கைச் சுமப்பதும் கஷ்டம். அதில் படுப்பது அதைவிடக் கஷ்டம்.

ஆற்றைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் மார்புவாரையும் இடுப்புவாரையும் கழற்றிவிட வேண்டும். தோள்வார்களைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். விழுந்தால் பையிலிருந்து ஒரே உதறலில் வெளியே வர முடிய வேண்டும். கரையேறியதும் மறுபடி இடுப்புவாரை மாட்டலாம். சோம்பேறித்தனமாக இருக்கும், பத்தாவது முறை எரிச்சலாகவும் இருக்கும். ஆறு கலங்கி, வேகமாக வந்தால் கடக்கவே வேண்டாம். வழிகாட்டி காத்திருக்கச் சொன்னால் ஒரு நாள் வீணானாலும் காத்திருக்க வேண்டும். மகளிடம் இதைக் கெஞ்சலாகச் சொல்லாதீர்கள். கண்டிப்பாகவே சொல்லுங்கள்.

புறப்படுவதற்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போதுமான காலம். இந்த வாரம் ஐந்து கிலோ அரிசியை அந்தப் பையில் வைத்து, தினமும் முக்கால் மணி நேரம் நடக்கட்டும். வாரம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று கூட்டுங்கள். மாடிப்படி இருந்தால் ஏறி இறங்கட்டும். இறங்குவதில்தான் முழங்கால் பழக வேண்டும். நடையின்போது விரல் மரத்துப்போனாலோ எறும்பு ஊர்ந்தாலோ உடனே பையை இறக்கி, வார்களைச் சரிசெய்ய வேண்டும். என்னைப் போல உதறிவிட்டு நடக்கக் கூடாது.

புறப்படும் நாளுக்கு முந்தின இரவு உங்களுக்கு ஒரு ஆசை வரும். மகள் தூங்கிய பிறகு பையைத் திறந்து, முறுக்கு ஒரு டப்பாவும் ஒரு சட்டையும் உள்ளே திணிக்கத் தோன்றும். தயவு செய்து வேண்டாம். அவள் ஒற்றைக் காலில் நின்று பார்த்து அடுக்கிய பை அது. முறுக்கைப் பேருந்தில் சாப்பிடக் கையில் கொடுங்கள்.

திரும்பி வந்ததும் பையை நீங்களே பிரியுங்கள், துவைப்பதற்கு முன்னால். எதையெல்லாம் அவள் ஏழு நாளும் தொடவேயில்லை என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பிவையுங்கள். அடுத்து மலை ஏறப் போகும் பிள்ளைகளுக்காக அந்தப் பட்டியலை இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.